இருபத்தாறு பேரு

உக்காருங்க மேடம். அந்தக் கட்டில் வேண்டாமுங்க, கயிறு தொய்ஞ்சு கெடக்குது, உக்காந்தா எந்திரிக்க முடியாது. இந்த நாற்காலியில உக்காருங்க. தடம் கேட்டுக் கேட்டு அலைஞ்சீங்களாக்கும். ராசாமணி ஊடுன்னு கேட்டா எந்த ராசாமணின்னு திருப்பிக் கேப்பாங்க, இந்த ஊருல நாலு ராசாமணி இருக்கறோம். காட்டுல நம்பர் சொல்லப் போன ராசாமணின்னு கேட்டிருந்தா நேரா கொண்டாந்து உட்டிருப்பாங்க.

நீங்க போன்ல கேட்டதையே ரெண்டு நாளா ரோசனை பண்ணிட்டு இருக்கறனுங்க. அம்பத்தேழு வகை மரம் இருந்த எடத்துல இப்ப முப்பத்தொண்ணுதான் கணக்குல வருது, மீதி இருபத்தாறு வகை எங்க போச்சுன்னு கேட்டீங்க. எரிஞ்சு போச்சுங்க. வேறென்ன சொல்றது? காடு எரிஞ்சா மரம் போகத்தானே செய்யும்.

அதோட இன்னொண்ணும் சொன்னீங்க. அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். நஞ்சியைக் கண்டுபுடிச்சுட்டேன், மலைக்கு அந்தப் பக்கம் காப்பித் தோட்டத்துல இருக்கறா, வேலைக்குத் திரும்பி வான்னு கூப்பிட்டா வரமாட்டேங்கறா, ‘என்ற கையால எரிஞ்ச காடு, அதுக்குள்ள இனி கால் வெக்க மாட்டேன்’கறான்னு சொன்னீங்க. ஒம்பது வருசம் அவகூட வேலை பாத்தவ நீதானே, அவ ஏன் அப்படிச் சொல்றான்னு தெரியுமான்னு கேட்டீங்க.

தெரியுமுங்க. காப்பியைக் குடிங்க, சொல்றேன்.

மொதல்ல அந்த எடத்தைச் சொல்லணும். நீங்க போன மாசந்தான் இந்த வேலைக்கு வந்தீங்க, எரிஞ்சதுக்கு அப்பறம் இருக்கறதைத்தான் பாத்திருப்பீங்க. புல்லும் உண்ணிச்செடியும், நடுவுல அங்கொண்ணு இங்கொண்ணு வெக்காலியும் கருமருதும். அது காடு இல்லீங்க, காட்டோட மிச்சம். நாங்க போறப்ப அந்த நூறு ஏக்கராவுல உச்சி வெயில்லகூட தலையில துண்டு போடத் தேவையிருக்காது. கல்லு நட்டு, கயிறு கட்டி, உள்ள இருக்கற ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு அலுமினியத் தகடு அடிச்சு வெச்சிருந்தாரு, உங்க வேலையில உங்களுக்கு முன்னால இருந்த கோதண்டம் சாரு. கட்டைவெரல் தண்டிக்கு மேல இருந்தா அதுக்கும் நம்பர் உண்டு. நாலு வருசத்துக்கு ஒருக்கா மொத்தத்தையும் அளக்கறது. நடுவுல வருசா வருசம் போயி எது செத்துது, எது புதுசா வந்துதுன்னு பாக்கறது.

நஞ்சி பேரு சொல்லுவா. நான் நம்பர் சொல்லுவேன். சாரு எழுதுவாரு. அவ்வளவுதான் வேலை. நான் எட்டாவது படிச்சவ, நம்பர் படிக்க வரும். அவளுக்கு ஒத்தை எழுத்துத் தெரியாது. ஆனா பட்டையை நகத்துல ஒரு கீறு கீறி மோந்து பாத்தாள்னா பேரு வந்துரும். சில மரத்துக்கு அதுவும் வேண்டாம், நடந்துட்டே சொல்லிட்டுப் போவா. இருளர் பதியில, அதான் காட்டோரத்துல இருக்கற அவங்க குடியிருப்புல, பொறந்தவ, அவங்கப்பன்கூடத் தேன் எடுக்கப் போயிப் பழகினது. அவ எங்களை மாதிரிப் பேசமாட்டா, அவங்க பேச்சு வேற, நான் எங்க பேச்சுலயே சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க.

ஒரு வகையில ஒரே ஒரு மரந்தான் அந்த நூறு ஏக்கராவுல இருக்கும்னு வெச்சுக்குங்க, அதுக்கு நஞ்சி தனிக்கட்டைன்னு பேரு வெச்சிருந்தா. சாருகூட அப்படியே நோட்டுல எழுத ஆரம்பிச்சுட்டாரு. பதினாலு தனிக்கட்டை இருந்துதுங்க. ஒரு பாதிரி, ஒரு குமிழ், ஒரு அழிஞ்சி, ஓடை ஓரத்துல ஒரு வீரை. மீதிப் பேரெல்லாம் எனக்கு இப்ப வாயில வரமாட்டேங்குது. நஞ்சியும் தனிக்கட்டைதான். புருசனை ஆனை அடிச்சுருச்சு, கொழந்தை குட்டி இல்லை. என்னையும் சேத்துப் பதினஞ்சுன்னு அவளே சொல்லிச் சிரிப்பா. வெக்காலி முன்னூறு செத்தா மூவாயிரம் இருக்குது, நாங்க ஒருத்தரு போனா பேரே போச்சுன்னு சொல்லுவா. அப்ப அது வெளாட்டாத்தான் இருந்துது.

சரி, தீக்கு வர்றேன்.

தை மாசத்துல தீக்கோடு போடறது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். வெயில் காலத்துல காட்டுத்தீ உள்ள வராம இருக்கறதுக்கு, சுத்திலும் ஒரு பட்டை அகலத்துக்கு நாமளே புல்லை எரிச்சு வெறும் தரையா ஆக்கி வெக்கறது. பனி ஈரம் இருக்கறப்பவே, காலையில வெச்சு அணைச்சுரணும். அதுக்கு ரெண்டு ரெண்டு பேரா ஆளு. ஒருத்தர் தீ வெக்கறவங்க, காத்துப் பாத்து வெச்சுட்டு முன்னால போயிட்டே இருப்பாங்க. இன்னொருத்தர் பின்னால வர்றவங்க. எங்கெங்க பொகை நிக்குதோ அங்கெல்லாம் பச்சைத் தழையால அடிச்சு, கடைசிப் பொகை அடங்கற வரைக்கும் நின்னு பாத்துட்டு வரணும். அதுக்கு நாங்க வால் பாக்கறதுன்னு சொல்லுவோம். தலை எங்கியோ போயிரும், வால்தான் கெடந்து ஆடும். தீ வெக்கறது நஞ்சி. வால் பாக்கறது நானு. ஒம்பது வருசமும் அப்படித்தான், ஒரு தப்பு வந்ததில்லை. அதையும் எழுதிக்குங்க.

அந்த வருசம் மழையே இல்லீங்க. ஐப்பசியும் பேயல, கார்த்திகையும் பேயல. புல்லு மார்கழியிலயே காஞ்சு சலசலங்குது. இருவது ஆளு வேணும்னு கேட்டா ஆறு ஆளுக்குத்தான் உத்தரவு வந்துது. இதையெல்லாம் யாரும் பேசறதில்லை.

தை கடைசி வெள்ளிக்கிழமை. அன்னிக்குத்தான் என்ற புள்ளை திலகாவைப் பாக்க மாப்பிள்ளை ஊட்டுல இருந்து வர்றாங்க. மூணு மணிக்கு வர்றோம்னு சொல்லி உட்டிருந்தாங்க. அதுக்கு முன்னால ரெண்டு எடம் வந்து பாத்துட்டுப் போயி, சொல்றோம்னு சொல்லிட்டு, ஒரு சேதியும் சொல்லல. இதுவும் தட்டிப்போச்சுன்னா புள்ளை ஒடைஞ்சு போயிரும்னு எனக்கு ஒரே கவலை. லீவு போட்டிருக்கலாம். ஆறு ஆளுல ஒருத்தி கொறஞ்சா கோடு போட முடியாதுன்னு பாரஸ்ட் கார்டு சொன்னாரு, சரி மத்தியானத்துக்குள்ள வந்துரலாம்னு போயிட்டேன். வேலை மேல அக்கறை இல்லாதவ போயிருப்பாளுங்களா?

பதினோரு மணிக்கு எங்க பக்கம் முடிஞ்சுது. அங்க ஒரு வெக்காலிக் கட்டை உளுந்து கெடந்துதுங்க. பழைய மரம், உள்ள பொந்து. பொந்துக்குள்ள தீ புடிச்சுருச்சு. வெளிய பாத்தா ஒண்ணுமில்லை, ஒரு நூலு மாதிரி பொகை வருது. நஞ்சி அடுத்த பக்கத்துக்குப் போறதுக்கு முன்னால அதைப் பாத்துட்டு, “அக்கா, இது உள்ள புடிச்சிருக்குது, பொளந்து தண்ணி ஊத்திட்டு வா”ன்னு சொல்லிட்டுப் போனா. கோடாலி யாருகிட்ட இருக்குது? அக்கட்டால கோடு போட்டுட்டு இருந்த மாரியப்பன்கிட்ட இருக்குது. தண்ணி எங்க இருக்குது? ஓடை வத்திக் குழியாட்டம் கெடக்குது, அரை மைலு போவணும் வரணும். பஸ்ஸு பன்னெண்டரைக்கு. அதை உட்டா அடுத்தது நாலு மணிக்கு.

மண்ணு போட்டு மூடினேன். நல்லா, இம்மி எடம் உடாம, ரெண்டு கையாலயும் வாரி வாரிப் போட்டு மூடினேன். பொகை நின்னு போச்சு. மேல கையை வெச்சும் பாத்தேன், சூடு இல்லை. மண்ணு மூடறதுல எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லீங்க. எங்கப்பன் கரிமூட்டம் போட்ட ஆளு. சின்னப் புள்ளையில பொழுதுக்கும் அந்த வேலைதான் எனக்கு. வெறகை அடுக்கி, தீயைப் போட்டு, மேல மண்ணைப் பூசிட்டோம்னா வெளிய துளி பொகை தெரியாது. உள்ள அது பாட்டுக்கு அஞ்சு நாளோ ஆறு நாளோ கனிஞ்சுட்டு...

அதை உடுங்க. அது வேற, இது வேற. கரிமூட்டம்கறது பக்குவமா அடுக்கினாத்தான் கனியும். இது காட்டுல கெடந்த கட்டை.

பஸ்ஸைப் புடிச்சுட்டேன். மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வந்தாங்க, புள்ளையப் புடிச்சுப் போச்சு, அன்னிக்கே பூ வெச்சுட்டாங்க. நான் அளுதுட்டேன் மேடம், சந்தோசத்துல. அந்த நாளு முச்சூடும் எனக்கு அந்தக் கட்டை நெனப்பே வரல.

அஞ்சாவது நாளு, செவ்வாக்கெளமை மத்தியானம், மேக்கால பொகை. இதா இந்த வாசல்ல நின்னுதான் பாத்தேன். காத்து அப்படி அடிக்குது, வாசல்ல காயப்போட்ட துணியெல்லாம் பறக்குது. மூணு நாள் எரிஞ்சுதுங்க. ஆம்பளைங்க, பொம்பளைங்க, பதிச்சனம், எங்க ஊருச்சனம், எல்லாரும் போயி அடிச்சோம். என்ற கையில இந்தத் தழும்பு அப்ப வந்ததுதான், பாருங்க. அடிச்ச தழையே புடிச்சு எரியுது. நஞ்சி மூணு நாளும் ஊட்டுக்கே போகல.

அணைஞ்ச மறுநாள் நஞ்சியும் நானும் உள்ள போனோம். சாருக்கு நெஞ்சுவலி, சென்னையில ஆஸ்பத்திரியில கெடந்தாரு. பாத்துட்டு வந்து சொல்லுங்கன்னு போன்ல சொன்னாரு. கால் வெச்சா முட்டி வரைக்கும் சாம்பல் எந்திரிக்குது. உண்ணிச்செடி அடர்த்தியா இருந்த எடத்துல தகடெல்லாம் உருகி, வேர்ல சொட்டு சொட்டாக் கெடக்குது. நம்பர் போச்சு. நம்பர் போனா எனக்கு அங்க என்ன வேலை? நின்னேன்.

நஞ்சி மட்டும் ஒவ்வொரு தனிக்கட்டையாத் தேடிப் போனா. பாதிரிகிட்டப் போயி நகத்துல கீறினா. கருப்பு. இன்னும் கீழ, இன்னும் கீழ, மண்ணைத் தோண்டி வேருகிட்டக் கீறினா. என்னைக் கூப்பிட்டா. “பச்சை இருக்குது அக்கா, பாரு.” பாத்தேன். நெல்லு முனை அளவு பச்சை. வெக்காலிக்கும் கருமருதுக்கும் பட்டை தடிமன், அதுக மேலயே பொழைச்சுக்கும். இந்த மெல்லிசுப் பட்டை மரமெல்லாம் மேல செத்துரும், ஆனா வேரு சாகல, ஒரு நல்ல மழை வந்தா அடியில இருந்து கெளம்பும்னு சொன்னா. கெளம்பறப்ப எலை வேற மாதிரி வருமாமா. பெருசா, அகலமா, மரத்துல பாத்த எலை மாதிரியே இருக்காதாமா. புஸ்தகம் வெச்சிருக்கறவங்களுக்குத் தெரியாது, நான் வந்து பேரு சொல்றேன், புது நம்பர் அடிச்சுரலாம், அதைச் சுத்தி மட்டும் மூணு நாலு வருசம் புல்லை வெட்டி வெச்சு தீ வராமப் பாத்துட்டாப் போதும், பொழைச்சுக்கும்னு சொன்னா. பதினாலுல பதினொண்ணுல பச்சை இருந்துது. அதில்லாம ரெண்டு மூணே மரம் இருந்த வகையெல்லாம் வேற. எல்லாத்துலயும் கீறிக் கீறிப் பாத்து, நகம் பேந்து ரத்தம் வந்துருச்சு அவளுக்கு.

பதினொண்ணு பொழைக்கும்னு சாருக்கு நாந்தான் போன் பண்ணிச் சொன்னேன். அந்தப் பக்கம் அவரு அளுதது கேட்டுது.

ரெண்டு நாள் கழிச்சு விசாரணை. ரேஞ்சரு புதுசு, வந்து ரெண்டு மாசம்கூட ஆகல. ஒவ்வொருத்தரா ரூமுக்குள்ள கூப்பிட்டாரு. என்னைக் கூப்பிட்டு, “தீ ஆரம்பிச்ச பக்கம் உங்களோடதுதானே?”ன்னு கேட்டாரு. ஆமாங்கன்னேன். “தீ வெச்சது யாரு?”ன்னாரு.

நஞ்சிங்கன்னேன்.

நெசந்தானே மேடம்? தீ வெச்சது நஞ்சிதானே? நான் பொய் சொல்லலீங்க. ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லல, கொறைச்சுச் சொல்லல. எங்க ஆளுங்ககிட்ட யாருகிட்ட வேணாக் கேளுங்க, தீ வெக்கறவங்கன்னா எங்களுக்குள்ள அதுதான் அர்த்தம். அவரு அதை எப்படிப் புரிஞ்சுக்கிட்டாரோ எனக்கென்ன தெரியும்? வால் பாத்தது யாருன்னு அவரு கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

சொல்லியிருப்பேன்னுதான் நெனைக்கறேன்.

அவரு எழுதினாரு. பதிச்சனம்னாலே புல்லுக்குத் தீ வெக்கறவங்கன்னு அவரு மனசுல முன்னாடியே இருந்துதாட்டம் இருக்குது. எழுதி முடிச்சுக் காயிதத்தை என்ற பக்கம் தள்ளினாரு. எட்டாவது படிச்சவதானே நானு, படிச்சுப் பாத்திருக்கலாம். நஞ்சிங்கற பேரு மட்டும் கண்ணுல பட்டுது. கையெழுத்துப் போட்டேன். ராசாமணின்னு முழுசாப் போட்டேன்.

அவளை ரெண்டு நாள் உக்கார வெச்சிருந்தாங்க. அடிக்கலீங்க, அதைச் சொல்லணும். இனி காட்டுக்குள்ள கால் வெக்கக்கூடாதுன்னு எழுதி வாங்கிட்டு உட்டுட்டாங்க. அதோட போயிருந்தாப் பரவால்ல. பதி முச்சூடுக்கும் நெல்லிக்காய், கடுக்காய் பொறுக்கறதுக்குக் குடுத்திருந்த அனுமதியையும் நிறுத்திட்டாங்க. அவ சனமே அவமேல திரும்பிருச்சு. உன்னால எங்க வவுத்துல அடிச்சுட்டாங்கன்னு அவளோட அண்ணன் மொவத்துக்கு நேரா சொன்னானாமா. சாரு சென்னையில இருந்து கடுதாசி மேல கடுதாசி போட்டாரு, நஞ்சி அப்படிப்பட்டவ இல்லைன்னு. கையெழுத்துப் போட்ட காயிதம் இருக்குதேன்னு பதில் வந்துதாமா. அப்பறம் அந்த நெஞ்சுவலியிலயே சாரும் போயிட்டாரு.

ஒரு வாரம் கழிச்சு நஞ்சி இங்க வந்தா. ஒரு துணி மூட்டையோட. உள்ள வரல, அந்தப் படிக்கிட்ட நின்னா. ஊட்டுக்குள்ள சம்பந்தியம்மா உக்காந்திருக்காங்க, கலியாணத்துக்கு நாள் குறிக்க வந்தவங்க. ஏன்டி என்ற பேரைச் சொன்னேன்னு சத்தம் போடப் போறா, மானம் போகப் போகுதுன்னு நெனைச்சேன். என்ன பதில் சொல்றதுன்னு மனசுல எல்லாம் அடுக்கி வெச்சிருந்தேன். கேட்டதுக்குத்தான் பதில் சொன்னேன், நெசத்தைத்தான் சொன்னேன்னு.

அவ அதைக் கேக்கவே இல்லீங்க.

“அக்கா, அந்தக் கட்டையைப் பொளந்தியா?” அதான் கேட்டா.

கோவமாக் கேக்கல. நம்பர் என்னன்னு எங்கிட்டக் கேப்பா பாருங்க, அந்த மாதிரி கேட்டா. தெரிஞ்சுக்கறதுக்காகக் கேட்டா. உள்ள சம்பந்தியம்மா டம்ளரை வெக்கற சத்தம் கேக்குது.

பொளந்தேன்னு சொன்னேன்.

“தண்ணி ஊத்தினியா?”

ஊத்தினேன்னு சொன்னேன்.

அவ மொகத்துல எனக்கு என்ன தெரிஞ்சுதுன்னா, நிம்மதி இல்லை, சந்தேகமும் இல்லை, பொக்குனு போச்சு மொகம். “அப்ப என்ற கைதான் அக்கா. காத்தைத் தப்பாப் பாத்துட்டேன் போல”ன்னு சொன்னா. மூட்டையை எடுத்துத் தோள்ல போட்டுட்டு, மழை வந்தாப் போயிப் பாரு, தளிரு வந்தா மாடு கடிக்காம முள்ளு வெச்சு உடுன்னு சொன்னா. ஒம்பது வருசமா எங்கூட வேலை பாத்தவ நான் சொன்னதை ஒரு நிமிசம்கூடச் சந்தேகப்படல. அப்படியே நம்பிட்டுப் போயிட்டா.

இருங்க மேடம். ஒண்ணுமில்லை. அடுப்புப் பொகை.

மழை வந்துதுங்க. வைகாசியில நல்ல மழை. ஆனி மாசம் போயிப் பாத்தா, அவ சொன்ன மாதிரியே எல்லா அடிக்கட்டையிலயும் தளிரு. செவச் செவன்னு, தட்டத்தாட்டம் எலை. காடே ஏதோ பேச வந்த மாதிரி இருந்துது. எனக்கு ஒண்ணுத்துக்கும் பேரு தெரியல. ஒம்பது வருசம் அவ பக்கத்துலயே நின்னு அத்தனை பேரையும் காதுல கேட்டிருக்கறேன். ஆனா அவ பேரு சொல்றப்ப நான் தகட்டைத்தான் பாத்துட்டு நின்னிருக்கறேன். மரத்தைப் பாக்கல. பாதிரி எந்த எடத்துல நின்னுதுன்னுகூடத் தகடு இல்லாம எனக்குத் தெரியல. எதைச் சுத்திப் புல்லை வெட்டறது, எதுக்கு முள்ளு வெக்கறது? நூறு ஏக்கராவுக்குமா வெக்க முடியும்?

மரம் போன எடத்துல வெயில் எறங்கிப் புல்லு ஆளு ஒசரத்துக்கு வந்துருச்சு. அடுத்த மாசில எவனோ பீடியை வீசினானோ என்னமோ, மறுபடி எரிஞ்சுது. தளிரெல்லாம் போச்சு. மறுபடி வேர்ல இருந்து கெளம்புச்சு, மொத தடவை அளவுக்கு இல்லை. அதுக்கடுத்த வருசமும் எரிஞ்சுது. அப்பறம் கெளம்பினது ரொம்பக் கம்மி. வேருன்னாலும் எத்தனை தடவைதான் எந்திரிக்கும்? அந்த ரெண்டு தீக்கும் நான் பொறுப்பு இல்லீங்க. நான் அந்தப் பக்கமே போகல. ஆனா மொதத் தீ வராம இருந்திருந்தா அந்தப் புல்லு வந்திருக்குமான்னு நீங்க கேக்கலாம். கேக்காதீங்க.

அப்பறந்தான் நாலு வருச எண்ணிக்கை. சென்னையில இருந்து படிச்ச பசங்க நாலு பேரு வந்தாங்க. நஞ்சி எடத்துல என்னை நிக்க வெச்சாங்க, நீங்கதானே பழைய ஆளு, பேரு சொல்லுங்கன்னு. மொதல் நாளு தெரியல தெரியலன்னு சொன்னேன். அந்தப் பசங்க புஸ்தகத்தைப் பொரட்டிப் பாத்தாங்க, அந்த எலை அதுல இல்லை. தெரியலன்னு எழுதினாங்க. நூறு தடவை, எரநூறு தடவை தெரியலன்னு சொன்னா வாய் கூசாதுங்களா? எதுக்குக் கூலி வாங்கறேன்னு அவங்க நெனைக்க மாட்டாங்களா? ரெண்டாம் நாள்ல இருந்து, கொஞ்சம் நெளிவா இருந்தா வெக்காலின்னு சொன்னேன். எலை பெருசா இருந்தாத் தேக்குன்னு சொன்னேன். அவங்க டக்கு டக்குன்னு எழுதினாங்க. வேலை வேகமா நடந்துது.

அப்படிப் பாக்காதீங்க மேடம். தெரியாமத்தான் சொன்னேன்.

அதனால அந்த இருபத்தாறுல எத்தனை நெசமா எரிஞ்சு செத்துது, எத்தனை இன்னும் வேருக்குள்ள கெடந்துட்டு தெரியலங்கற பேருல நிக்குது, எத்தனைக்கு நான் வெக்காலின்னு பேரு மாத்தி வெச்சேன், எனக்குச் சொல்லத் தெரியாதுங்க. அது தெரிஞ்சவ ஒருத்திதான். அவ, காட்டைக் கொன்னது தன்னோட கைதான்னு நெனைச்சுட்டுக் காப்பிக்கொட்டை பொறுக்கிட்டு இருக்கறா. இன்னும் மூணு மாசத்துல மழை. உசுரு இருக்கற வேரு இந்த மழைக்குக் கெளம்பும். அதுக்குள்ள அவ வந்து பேரு சொல்லி, சுத்திப் புல்லு வெட்டினாத்தான் உண்டு. அதுக்குத்தானே நீங்க இவ்வளவு தூரம் வந்திருக்கறீங்க. எனக்குப் புரியுது.

நான் வந்து கூப்பிட்டா வரமாட்டாளுங்க. நான் கூப்பிடறதுல ஒண்ணுமில்லை. அவ கையால எரியலன்னு தெரிஞ்சாத்தான் வருவா.

நீங்களே போயிச் சொல்லிருங்க மேடம். கட்டைக்குள்ள தீ இருந்துது, ராசாமணி அதைப் பொளக்கல, மண்ணு போட்டு மூடிட்டு பஸ்ஸைப் புடிச்சுட்டா, அதுல இருந்துதான் கெளம்புச்சு, நீ காத்தைச் சரியாத்தான் பாத்தே, உன்ற கையில தப்பில்லைன்னு சொல்லுங்க. ரேஞ்சருக்கு வேணும்னாலும் எழுதிக் குடுங்க, கையெழுத்துப் போடறேன், இந்தத் தடவை படிச்சுப் பாத்துட்டுப் போடறேன். சம்பந்தி ஊட்டுக்குத் தெரிஞ்சாலும் தெரிஞ்சுட்டுப் போவட்டும். புள்ளைக்கு ரெண்டு கொழந்தை ஆயிருச்சு, இனி என்ன பண்ணிருவாங்க? காடு எரிஞ்சது என்னாலன்னு ஊரே சொல்லட்டும், தாங்கிக்குவேன்.

ஒண்ணே ஒண்ணு மட்டும்.

அவ வாசல்ல வந்து நின்னு கேட்டப்ப நான் பொளந்தேன்னு சொன்னேன் பாருங்க. அதை மட்டும் சொல்லாம உட்டுருங்க. அவ எங்கிட்ட வந்து கேட்டா மேடம். ஊருல அத்தனை பேரு இருக்க, எங்கிட்ட மட்டுந்தான் கேட்டா. நான் கட்டையைப் பொளக்கலங்கறது அவளுக்குத் தெரியட்டும், ஆனா நான் அவ மொகத்தைப் பாத்து அப்படிச் சொன்னேங்கறது மட்டும் தெரியாமச் சொல்லுங்க. நீங்க படிச்சவங்க, எப்படியாவது பிரிச்சுச் சொல்லிப் பாருங்க.

முடியாதுங்களா?

தெரியுமுங்க. ஆறு வருசமா நானும் பிரிச்சுத்தான் பாக்கறேன். வரமாட்டேங்குது.